வேறு கம்பெனி ராம்: பெயரை விடுங்கள், சீட்டைப் படியுங்கள்

2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'குரூஷியல்' என்ற பெயரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கடைகளில் விற்றுவந்த ராம் வியாபாரத்தை 2026 பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்வதாகவும், தரவு மையங்களின் தேவை பெருகிவிட்டதால் சரக்கைப் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கப்போவதாகவும் அது சொன்னது. அதே பருவத்தில் டிடிஆர்5 ராமின் கடை விலை சில மாதங்களுக்குள் இரு மடங்கைத் தாண்டியது. அதற்குச் சற்று முன்னால், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. புதுக் கணினி வாங்கு என்று ஒரு பக்கம் நெருக்கடி. வாங்க முடியாத விலை மறுபக்கம். இந்த இடுக்கில் அகப்பட்டவர்களில் தூத்துக்குடிக்காரர்களும் உண்டு. துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும் முத்துப் பார்களையும் வரைபடமாக்குபவர்கள் என்று பலருக்கும் இருப்பது ஒரே கேள்விதான்: பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பழைய வொர்க்ஸ்டேஷனில் வேறு கம்பெனி ராம் போட்டால் ஒத்துக்கொள்ளுமா? 'கம்பெனி ராம்தான் போட வேண்டும்' என்பார் ஒருவர். 'ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதும்' என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. ஒத்துப்போவதைத் தீர்மானிப்பது மேலே ஒட்டியிருக்கும் பெயரும் அல்ல, ஸ்லாட்டின் வடிவமும் அல்ல. ராம் ஸ்டிக்கில் ஒதுங்கிக் கிடக்கும் எட்டுக்கால் சில்லு ஒன்று சொல்லும் தகவலும், அதைக் கணினி சோதித்துப் பார்க்கும் விதமும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் 'கம்பெனி ராம்' என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். எச்பியும் டெல்லும் ராம் சில்லு தயாரிப்பதில்லை. உலகில் விற்பனையாகும் ராம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். வொர்க்ஸ்டேஷனோடு வந்த ஸ்டிக்கில் எச்பி என்று ஒட்டியிருந்தால், அந்தத் தாளுக்குக் கீழே பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் சரக்குதான் இருக்கும். வெளிச் சந்தையில் மிகப் பெரிய பெயரான கிங்ஸ்டனும் சில்லு செய்வதில்லை, வாங்கித்தான் பொருத்துகிறது. ஆகவே 'அசல்', 'வெளி' என்ற பாகுபாடு சிலிக்கானில் இல்லை. தயாரிப்பாளர் தரும் ஸ்டிக்கில் கூடுதலாக இருப்பது ஒன்றுதான்: அந்த மாடல் கணினியில் அந்தக் குறிப்பிட்ட ஸ்டிக்கைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கணினிக்கு அந்த விலையைக் கொடுப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் உத்தரவாதம் முடிந்து பல வருடங்களான இயந்திரத்தில் அந்தச் சோதனையை நாமே ஓர் இரவில் செய்துவிட முடியும்.

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னரை நினைத்துக்கொண்டால் போதும். 1974இல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகத்துக்கு எந்தக் கம்பெனியின் பெட்டி வந்தாலும் அதே கிரேன் தூக்குகிறது. ஏனென்றால் பெட்டியின் நீள அகலமும், கிரேன் கவ்விப் பிடிக்கும் மூலை வார்ப்புகளும் உலகம் முழுக்க ஒரே அளவு. இந்தப் பழைய வொர்க்ஸ்டேஷன்களில் பெரும்பாலும் இருக்கும் டிடிஆர்3 ஸ்டிக்குக்கு அந்த மூலை வார்ப்பு, 240 தொடுமுனைகளும் இடையிலிருக்கும் வெட்டும். ஜெடெக் என்ற தர அமைப்பு அவற்றை நிர்ணயித்தது. ஆனால் பெட்டி கிரேனில் மாட்டிக்கொள்கிறது என்பதனால் அதைக் கப்பலின் எந்த அடுக்கில் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. உள்ளே என்ன, எடை எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். பெட்டியைத் திறக்காமல் அதைச் சொல்வது கூடவே வரும் காகிதம். ராமில் அந்தக் காகிதம்தான் எஸ்பிடி என்ற எட்டுக்கால் சில்லு. டிடிஆர்3இல் அதன் மொத்தக் கொள்ளளவு 256 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் எழுத முடியாது. ஆனாலும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பொருள் நிர்ணயித்திருக்கிறார்கள். பைட்டுகளை 0 முதல் எண்ணினால், 2ஆம் பைட் இது டிடிஆர்3 என்கிறது. 3ஆம் பைட் எந்த வகை ஸ்டிக் என்கிறது. 4ஆம் பைட் ஒரு சில்லின் கொள்ளளவைத் தருகிறது. 117, 118ஆம் பைட்டுகளில் தயாரிப்பாளரின் அடையாள எண். 120, 121இல் தயாரான ஆண்டும் வாரமும். நேரங்களை நானோ வினாடியில் எட்டில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதியிருப்பார்கள். 12ஆம் பைட்டில் 10 என்று இருந்தால் கடிகாரச் சுற்று 1.25 நானோ வினாடி. 16ஆம் பைட்டில் 110 இருந்தால் முதல் தரவு வர 13.75 நானோ வினாடி. பின்னதை முன்னதால் வகுத்தால் 11. கடைக்காரர்கள் 'சிஎல்11' என்று சொல்லும் எண் இப்படித்தான் பிறக்கிறது.

இந்தக் காகிதத்தைக் கணினி படிக்கும் விதம் வியக்கத்தக்கது. சுவிட்சைப் போட்ட கணத்தில் ராம் இன்னும் ராமாக இல்லை. அதன் வேகமோ அளவோ யாருக்கும் தெரியாது. ஆனால் ராமைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் ஓட வேண்டும், நிரல் ஓட ராம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கச் செயலி தன் உள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ராமாக வைத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு கம்பிகள் மட்டுமே கொண்ட மெதுவான ஒரு பாதை வழியாக ஒவ்வொரு ஸ்லாட்டையும் கூப்பிட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு எஸ்பிடி சில்லுக்கும் மூன்று முகவரிக் கால்கள் உண்டு. அவற்றில் எது உயர் மின்னழுத்தத்தில், எது தாழ்வில் என்பதை ஸ்டிக் தீர்மானிப்பதில்லை, அது செருகப்பட்ட ஸ்லாட்டின் கம்பியமைப்பு தீர்மானிக்கிறது. மூன்று கால்களுக்கு எட்டு சேர்க்கைகள், ஆக ஒரு பாதையில் எட்டு ஸ்டிக்குகள். எட்டும் ஒரே அச்சாக இருந்தாலும் குழப்பமில்லை. யார்டில் பெட்டியின் எண்ணைப் பார்க்காமல், அது நிற்கும் வரிசையை வைத்தே கூப்பிடுவது போன்றது இது. எல்லாச் சீட்டுகளையும் படித்தபின், எல்லோராலும் முடிந்த வேகத்தைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. 1600 ஸ்டிக்குகளோடு ஒரு 1333 ஸ்டிக்கைச் சேர்த்தால் எல்லாமே 1333இல் ஓடுவது அதனால்தான்.

ஆனால் காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது கடல் வணிகத்துக்குத் தெரியும். 2007 ஜனவரியில் எம்எஸ்சி நப்போலி என்ற கப்பல் இங்கிலீஷ் கால்வாயில் உடைந்தபோது, அதன் மேல்தளத்திலிருந்து நனையாமல் மீட்ட பெட்டிகளை எடைபோட்டார்கள். ஐந்தில் ஒன்று, சொல்லியிருந்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் மாறியிருந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான் 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று சர்வதேச விதி வந்தது. டிடிஆர்3 தரத்தை எழுதியவர்கள் அந்த எடைமேடையை 2007லேயே வைத்துவிட்டார்கள். அதன் பெயர் 'ரைட் லெவலிங்'. ஸ்டிக்கின் நீளம் 13 சென்டிமீட்டர் சொச்சம். கடிகாரத் துடிப்பு ஒரு சில்லில் தொடங்கி வரிசையாக அடுத்தடுத்த சில்லுக்குப் போகிறது. பலகையில் மின்குறி ஒரு நானோ வினாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே கடைசிச் சில்லுக்கு முக்கால் நானோ வினாடி தாமதமாகத்தான் துடிப்பு போய்ச் சேரும். 1600 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரமோ 0.625 நானோ வினாடி. முதல் சில்லுக்கும் கடைசிச் சில்லுக்கும் நடுவில் ஒரு முழு பிட்டே நழுவிவிடும்! அதனால் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக ஒரு தட்டு தட்டுகிறது. அந்தத் தட்டு வந்த கணத்தில் கடிகாரம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பார்த்து, சில்லு 1 அல்லது 0 என்று பதில் சொல்கிறது. கன்ட்ரோலர் தட்டைச் சிறிது தாமதப்படுத்தி மறுபடி கேட்கிறது. 0, 0, 0, பிறகு 1. பதில் மாறும் அந்த இடம்தான் அந்தச் சில்லுக்குரிய சரியான கணம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாமதத்தைக் குறித்துக்கொண்டு பிறகுதான் திரைக்கு உயிர் வருகிறது. புதிய ராம் போட்டதும் முதல் தடவை 'டிஸ்ப்ளே வரவில்லை' என்று உடனே சுவிட்சை அணைப்பவர்கள் இந்த எடைமேடையிலிருந்து பெட்டியைப் பாதியில் இறக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். சில வொர்க்ஸ்டேஷன்கள் தாமாகவே ஒன்றிரண்டு முறை மறுதொடக்கம்கூடச் செய்யும்.

   வேறு கம்பெனி நினைவகம் என்பது புதிதல்ல: எழுபதுகளிலேயே ஐபிஎம் பெருங்கணினிகளுக்கு வெளியார் கூடுதல் நினைவகம் விற்றார்கள்.

இனி சிக்கல் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். டிடிஆர்3 ஸ்டிக்குகளில் 'அன்பஃபர்டு', 'ரெஜிஸ்டர்டு' என்று இரண்டு முக்கிய வகைகள். முதலாவதில் கட்டளைகள் நேராகச் சில்லுகளுக்குப் போகும். இரண்டாவதில் நடுவே ஒரு சில்லு அவற்றை வாங்கி ஒரு சுற்று தாமதித்து அனுப்பும். இரண்டுக்கும் 240 தொடுமுனைகள்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது அழகாக உட்காரும், ஆனால் கணினி கிளம்பாது. தரவு மையங்களிலிருந்து கழித்துக்கட்டி மலிவாக வரும் ஸ்டிக்குகள் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. கணினிச் சந்தையான சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையக் கடையில் வாங்கினாலும் ஏமாற்றத்துக்கு முதல் காரணம் இதுதான். 2012இல் வந்த எச்பி இசட்420 வொர்க்ஸ்டேஷன் கேட்பது அன்பஃபர்டு இசிசி, அதாவது பிழைதிருத்தும் வகை. அடுத்த தலைமுறையான இசட்440 கேட்பது டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு. ஒரே கம்பெனி, அடுத்தடுத்த மாடல், ஆனால் தேவை தலைகீழ். கம்பெனிப் பெயரை வைத்து ராம் வாங்குவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இது போதும். விடையோ ஸ்டிக்கின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. '2ஆர்×8 பிசி3-12800இ' என்று இருந்தால்: இரண்டு ராங்க் (ஒன்றாக இயங்கும் சில்லுத் தொகுதி), எட்டு பிட் அகலச் சில்லுகள், டிடிஆர்3, நொடிக்கு 12,800 மெகாபைட், கடைசி எழுத்து 'இ' என்றால் அன்பஃபர்டு இசிசி. அந்த இடத்தில் 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு. 'யு' என்றால் பிழைதிருத்தம் இல்லாத சாதாரண வகை. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்கும் ஸ்டிக்குகளிலும் மர்மம் ஏதுமில்லை. அவற்றில் நான்கு பிட் அகலச் சில்லுகளை அன்பஃபர்டு பலகையில் பொருத்தியிருப்பார்கள். ஜெடெக் தரத்தில் அப்படியொரு சேர்க்கை கிடையாது, இன்டெல் கன்ட்ரோலர்கள் அதை ஏற்பதில்லை. சில்லின் கொள்ளளவுக்கும் ஓர் உச்சம் உண்டு. 2012 காலத்து இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளுக்கு 8 ஜிகாபிட் டிடிஆர்3 சில்லை முகவரியிட வழியில்லை. அதனால் 16 ஜிபி அன்பஃபர்டு ஸ்டிக் எந்தப் பெயரில் வந்தாலும் அங்கே ஓடாது.

வேறு கம்பெனி ராம் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. வெளி நிறுவனங்கள் ஒரே மாடல் எண்ணில் இந்த மாதம் ஒரு சில்லும் அடுத்த மாதம் வேறு சில்லும் பொருத்துகின்றன; முதலில் வாங்கிய இரண்டு ஓடியது, பிறகு வாங்கிய இரண்டு ஓடவில்லை என்ற புகார் இதனால் வருகிறது. இது உண்மை. கடையின் சாதாரண ஸ்டிக்கை விற்பவர், உள்ளே இருக்கும் சில்லுக்கு உறுதி தருவதில்லை. இதற்கு ஒரே பதில், தேவையான எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே தொகுப்பில் வாங்குவது. ராமுக்கு நான்கு சேனல், அதாவது நான்கு தனித்தனித் தரவுப் பாதைகள், கொண்ட இன்டெல் ஜியான் வொர்க்ஸ்டேஷனில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: ஒரு சேனலுக்கு நொடிக்கு 12.8 ஜிகாபைட், நான்கும் நிரம்பினால் 51.2. ஒரே பெரிய ஸ்டிக்கைப் போட்டுவிட்டு மூன்று சேனலைக் காலியாக விட்டால், கொள்ளளவு கூடும், தரவுப் பாதை கால்வாசியாகச் சுருங்கும். இன்னொரு மறுப்பு, போலிச் சரக்கு. எஸ்பிடி சில்லில் உள்ளதை அழித்து எழுத முடியும், மேலே ஒட்டும் தாளையும் அச்சடிக்க முடியும் என்பது சரிதான். ஆனால் பொய்ச் சீட்டு, பெரிய பெயர் ஒட்டிய போலியிலும் வரும். ஆகவே அது பெயரை நம்பச் சொல்லும் வாதமாகாது, சோதித்துப் பார்க்கச் சொல்லும் வாதம்தான்.

கடற்கரை ஊர்களுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு, அதை ராமின் 'ஒத்துப்போகாமை' கணக்கில் தவறாக எழுதிவிடுகிறார்கள். ஸ்டிக்கின் தொடுமுனைகளில் செம்பின் மேல் நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. சர்வர் தரத்தில் அந்தத் தங்கம் ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் 30 பங்கு கனம். மலிவான ஸ்டிக்குகளில் அதைவிட மிக மெல்லியது. பூச்சு மெலியும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கூடும். உப்பளங்களும் கடற்காற்றும் சூழ்ந்த தூத்துக்குடியில், காற்றிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அந்தத் துளைகள் வழியே உள் உலோகத்தை அரிக்கிறது. நன்றாக ஓடிய ஸ்டிக் திடீரென்று நின்றுபோவதும், கழற்றி மாட்டினால் மறுபடி ஓடுவதும் இதனால் நேரலாம். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் அப்போதைக்குப் பலன் தரும், ஆனால் ஏற்கெனவே மெல்லிய பூச்சை இன்னும் மெலியச் செய்யும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூலிழை உதிராத துணி போதும். வெளி ராம் வாங்குவதில் தரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க ஒரே ஓர் இடம் உண்டு என்றால், இந்த ஊரில் அது தொடுமுனைத் தங்கத்துக்குத்தான். பளபளக்கும் அலுமினிய உறைக்கும் வண்ண விளக்குக்கும் அல்ல.

வொர்க்ஸ்டேஷனைச் சாதாரணக் கணினியிலிருந்து பிரிப்பது இசிசி. 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பு சேர்ந்து 72 பிட்டாகப் போகும். 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட முறையின் வழிவந்த கணக்கு, ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். இது தேவையா என்பதற்குக் கூகுள் தன் கணினிகளை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது: ஓர் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கணினியில், 8 சதவீதத்துக்கும் அதிகமான ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு திருத்தக்கூடிய பிழையாவது வந்திருந்தது. விலை குறைவு என்று இசிசி இல்லாத 'யு' ஸ்டிக்கைப் போட்டு வொர்க்ஸ்டேஷனை ஓட்டுபவர்கள், அந்த இயந்திரத்தை வாங்கிய காரணத்தையே கழற்றி எறிகிறார்கள். இந்தக் கடற்கரையில் அது வெறும் கோட்பாடு அல்ல. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடந்தது.  அதன்பின் முத்துப் பார்களின் நிலையையும் 21 தீவுகளைச் சுற்றிய பவளத் திட்டுகளையும் பத்தாண்டு பத்தாண்டாக ஒப்பிடும் வேலைக்கு ஆழக் கணக்குகள் சிதையாமல் இருக்க வேண்டும். 12 மீட்டர் என்று பதிந்த முழு எண்ணில் ஐந்தாவது பிட் புரண்டால் அது 28 மீட்டர் ஆகிவிடும். இசிசி இல்லாத கணினி அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தராது.

ராம் கூட்டுவதைப் பற்றிய விளம்பரங்களையும் அளவோடுதான் நம்ப வேண்டும். இருக்கும் ராம் நிரம்பி வழிந்து, கணினி டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்தும் நிலையில் இருந்தால், கூடுதல் ராம் கண்கூடான பலன் தரும். நிரம்பவில்லை என்றால் 16ஐ 64 ஆக்கினாலும் வேகம் கூடாது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் டிபிஎம் 2.0வும், எவ்வளவு ராம் போட்டாலும் 2012 வொர்க்ஸ்டேஷன் அந்தப் பட்டியலில் சேராது. அதில் லினக்ஸ் ஓட்டலாம், அல்லது இணையத்திலிருந்து பிரித்து வரைபட வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுங்கத் தாக்கல் போன்ற இணைய வேலைக்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸ் 10ஐ ராம் போட்டு நீட்டிப்பது சரியல்ல.

மற்றபடி, பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு வெளி ராம் தாராளமாகப் போடலாம். வாங்குமுன் ஸ்டிக்கின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசி எழுத்து உங்கள் கணினியின் கையேட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். லேபிள் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். போட்டபின் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். இசிசி ராம் ஒற்றைப் பிழைகளைத் தானே திருத்தி மறைத்துவிடும் என்பதால், பிறகு சில நாள் லினக்ஸின் எடாக் பதிவேட்டில் திருத்திய பிழைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். இந்த இரண்டு கருவிகளுமே இலவசம்.